தெளிதல்

இன்று தண்ணீர் தெளிகிறது, மயக்கம் தெளிகிறது. பழந்தமிழில் இச்சொல்லுக்கு ‘ஒருவரை ஆராய்ந்து நம்புதல்’ என்ற பொருளும் உண்டு. திருக்குறளின் 51ஆம் அதிகாரமான ‘தெரிந்து தெளிதல்’ அப்பொருளில் அமைந்ததே. வேர் ‘தெள்’. முறத்தில் தானியத்தைத் தெள்ளுவதும் இதே வேர்தான். அதாவது, நம்பிக்கை கேட்டவுடன் கொடுப்பதல்ல, சலித்துப் பெறுவது.

வலைப்பின்னல்களிலும் கணினி முகவர்களிடையிலும் நம்பிக்கை எப்படி ஏறி இறங்குகிறது என்று கணக்கிடும் துறைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. அவுடுன் யோசாங்கும் ரோஸ்லான் இஸ்மாயிலும் 2002இல் முன்வைத்த பீட்டா நற்பெயர் முறையைப் பாருங்கள். நல்ல அனுபவங்களோடு ஒன்றைக் கூட்டி, மொத்த அனுபவங்களோடு இரண்டைக் கூட்டிய எண்ணால் வகுக்க வேண்டும். முன்பின் அறியாதவருக்கு 0.5. தொடர்ந்து 98 முறை நேர்மையாக நடந்தவருக்கு 0.99. அவரே அடுத்த முறை ஏமாற்றினாலும் மதிப்பு 0.98க்குத்தான் இறங்கும்! நற்பெயரைச் சேர்த்து வைத்துக்கொண்டு மோசடி செய்பவருக்கு இது எவ்வளவு வசதி.

அதனால்தான் அதே முறையில் மறதிக் காரணி ஒன்றும் உண்டு. ஒவ்வொரு புது அனுபவத்தின்போதும் பழையவற்றை 0.9ஆல் பெருக்கினால், அதே மனிதரின் மதிப்பு ஏறக்குறைய 0.92ஐத் தாண்டாது. ஒரே ஏமாற்றில் 0.83க்கு விழும்.

தெளிந்தபின் ஐயுறுவதும் தீராத துன்பம் என்கிறது 510ஆம் குறள். காரணியை எவ்வளவு வைப்பது என்ற கேள்வி அங்கேதான் கடினமாகிறது.