3.54: ஒரு எண்ணும் பதினாறு வருஷ வழக்கும்

ஊக்கமருந்து வழக்குன்னா நமக்குத் தெரிஞ்ச கதை ஒண்ணுதான். சிறுநீர் எடுப்பாங்க, ஏதாவது ஸ்டீராய்டு சிக்கும், ஆளு மாட்டிக்குவார். 1988 சியோல்ல பென் ஜான்சன் மாட்டினது இப்படித்தான். ஆனா உடம்புல மருந்துன்னு எதுவுமே அகப்படாம, வெறும் ரத்த அணுக் கணக்கை வச்சு ஒருத்தரை ரெண்டு வருஷம் தடை பண்ண முடியுமா? முடியும்னு 2009-ல சொன்னாங்க. அதுல ஆரம்பிச்ச சண்டை 2025 வரைக்கும் இழுத்துது. (பதிவு கொஞ்சம் நீளம், டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.)

ஆள் யாருன்னா கிளாடியா பெக்ஸ்டைன். கிழக்கு பெர்லின்ல 1972-ல பிறந்தவங்க. ஐஸ் மேல காலில் பிளேடு கட்டி ஓடுற ஸ்பீட் ஸ்கேட்டிங்தான் அவங்க ஆட்டம். 1992-லேர்ந்து 2006 வரைக்கும் அஞ்சு ஒலிம்பிக்ஸ், ஒன்பது பதக்கம், அதுல அஞ்சு தங்கம். 5000 மீட்டர்ல 1994, 1998, 2002னு தொடர்ந்து மூணு தடவை தங்கம். ஜெர்மனியில பெரிய நட்சத்திரம்.

2009 பிப்ரவரி. நார்வேயில ஹாமார் நகரத்துல உலகப் போட்டி. அங்க எடுத்த ரத்தத்துல ரெட்டிகுலோசைட் அளவு 3.49, 3.54, 3.38 சதவீதம்னு வந்துச்சு. சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் வச்சிருந்த வரம்பு 0.4-லேர்ந்து 2.4 வரைக்கும். பதினோரு நாள் கழிச்சு பிப்ரவரி 18-ல எடுத்தா 1.37. சரசரன்னு இறங்கியாச்சு.

ரெட்டிகுலோசைட்னா வேற ஒண்ணும் இல்லைங்க, எலும்பு மஜ்ஜையிலேர்ந்து அப்பத்தான் வெளியே வந்த இளம் சிவப்பணு. ரத்தத்துல ஒண்ணு ரெண்டு நாள் சுத்திட்டு முழு சிவப்பணுவா ஆயிடும். ஈ.பி.ஓ. ஊசி போட்டா மஜ்ஜை வேகவேகமா இதைத் தயாரிக்கும், எண்ணிக்கை ஏறும். ஊசியை நிறுத்தினாலோ, வெளியிலேர்ந்து ரத்தம் ஏத்தினாலோ, "போதும்ப்பா"ன்னு மஜ்ஜை ஓய்வெடுக்கும், எண்ணிக்கை இறங்கும். அதனால இந்த ஏத்த இறக்கத்தைப் பாத்தா சந்தேகம் வர்றது நியாயம்தான். சந்தேகம் வர்றது வேற, தண்டிக்கிறது வேற இல்லையா?

2009 ஜூலை 1-ல சங்கம் ரெண்டு வருஷத் தடை போட்டுது. பெக்ஸ்டைன் சுவிட்சர்லாந்தில லோசான்ல இருக்குற விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனாங்க. நவம்பர் 25-ல அவங்களும் தடை சரின்னுட்டாங்க. அவங்க தர்க்கத்தைக் கவனிங்க. இப்படி ஒரு அளவு வரணும்னா ஒண்ணு ரத்தத்துல கைவரிசை காட்டியிருக்கணும், இல்லைன்னா பிறவியிலேயே நோய் இருக்கணும். நோய் இல்லைன்னு நிபுணர்கள் சொல்றாங்க. அப்போ மிச்சம் இருக்குறது கைவரிசைதான். என்ன மருந்து, எப்போ, யார் குடுத்தது, எதுவும் சங்கம் காட்ட வேண்டியதில்லை. கொலைக் கேஸ் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கவும் தேவையில்லை, நடுவர்களுக்கு ஓரளவு திருப்தி வந்தா போதும். எனக்கு இதுல உறுத்துறது அந்த "மிச்சம்"தான். மிச்சத்தை வச்சுத் தீர்ப்பு சொல்லணும்னா மத்த எல்லாத்தையும் ஒழுங்கா கழிச்சிருக்கணும்.

கழிக்கலைன்னு சீக்கிரமே தெரிய வந்துச்சு. 2010 மார்ச்ல ஜெர்மன் ரத்தவியல் சங்கம் சார்பா பேராசிரியர் கெர்ஹார்ட் ஏனிங்கர், இது பரம்பரையா வர்ற ஸ்பீரோசைட்டோசிஸ், லேசான வகை, அப்பாகிட்டேர்ந்து வந்திருக்குன்னு சொன்னார். இதுல சிவப்பணு தட்டு மாதிரி இல்லாம உருண்டையா இருக்கும். மண்ணீரல் அதைச் சீக்கிரமே உடைச்சுப் போட்டுடும், மஜ்ஜை ஈடு கட்ட புதுசு புதுசா அனுப்பும். ரெட்டிகுலோசைட் ஏறத்தானே செய்யும்! ஆனா அதுக்குள்ள வான்கூவர் ஒலிம்பிக்ஸ் முடிஞ்சு போச்சு. அதுக்கு முன்னாடி 2009 டிசம்பர்ல சுவிஸ் உச்ச நீதிமன்றம் சால்ட் லேக் சிட்டியில ஒரே ஒரு 3000 மீட்டர் ஓட்டத்துக்கு மட்டும் அனுமதி குடுத்துச்சு. 13-வது இடம்தான் வந்தாங்க, தகுதி கிடைக்கலை. கோர்ட் வாசல்லேர்ந்து நேரா ஐஸ் மேல ஏறி ஓடுன்னா யாரால முடியும்?

நோய் கண்டுபிடிச்ச பிறகு மறுஆய்வு கேட்டாங்க, 2010 செப்டம்பர்ல சுவிஸ் நீதிமன்றம் தள்ளுபடி பண்ணிடுச்சு. தடை முடிஞ்சு 2011-ல திரும்பி வந்தவங்க அந்த வருஷமே உலகப் போட்டியில 5000 மீட்டர்ல வெண்கலம் வாங்கினாங்க. 2015-ல ஜெர்மன் ஒலிம்பிக் சங்கம் அமைச்ச மருத்துவக் குழுவும் அந்த அளவுகளை வச்சு ஊக்கமருந்துன்னு நிரூபிக்க முடியாதுன்னு சொல்லுச்சு.

இங்கேர்ந்துதான் கதை விசித்திரமாப் போகுது. ரத்தத்தைப் பத்தின சண்டை, எந்தக் கோர்ட்டுக் கதவைத் தட்டலாங்கிற சண்டையா மாறிடுச்சு. போட்டியில கலந்துக்கணும்னா வழக்கு எதுவா இருந்தாலும் லோசான்லதான்னு வீரர்கள் கையெழுத்து போட்டே ஆகணும். போடலைன்னா ஓட முடியாது. இது சம்மதமா, கட்டாயமா? 2015 ஜனவரியில மியூனிக் மேல் நீதிமன்றம் அவங்க பக்கம் சாஞ்சுது. 2016 ஜூன்ல ஜெர்மன் உச்ச நீதிமன்றம் அதைக் கவுத்துப் போட்டுது. 2018 அக்டோபர்ல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், பகிரங்க விசாரணை கேட்டும் குடுக்காதது தப்புன்னு சொல்லி 8,000 யூரோ குடுக்கச் சொன்னது. ஆனா லோசான் மன்றம் சுதந்திரமானதுதான்னும் பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிட்டாங்க. (அதே தீர்ப்புல கூட வந்தவர் ருமேனியக் கால்பந்து வீரர் அட்ரியன் மூட்டு. அது தனிப் பதிவுக்கான கதை.) இதோட பலன் மத்தவங்களுக்கும் போச்சு. 2019 நவம்பர்ல சீன நீச்சல் வீரர் சுன் யாங் வழக்கை மோன்ட்ரேல பகிரங்கமாவே நடத்தினாங்க.

இதுக்கு நடுவுல, அந்தத் தீர்ப்பு வந்து ஒரு வாரத்துலேயே, 2009 டிசம்பர் 1-ல உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு "உயிரியல் பாஸ்போர்ட்" விதிகளைக் கொண்டு வந்துச்சு. ஊருக்கே ஒரே வரம்புன்னு இல்லாம ஒவ்வொரு வீரரோட பழைய அளவுகளோடயே ஒப்பிடுறது. நிபுணர்கள் மூணு பேரும் ஒத்துப் போகணும். இது எவ்வளவோ மேல்ங்கிறது என் அபிப்பிராயம். 2011 மார்ச்ல இத்தாலிய சைக்கிள் வீரர்கள் பெல்லிஸோட்டி, கவுக்கியோலி ரெண்டு பேர் மேலயும் லோசான் மன்றம் இதை ஏத்துக்கிச்சு. செக் வீரர் க்ரூஸிகர் எதிர்த்துப் போராட, 2015-ல சைக்கிள் சங்கமே வழக்கை வாபஸ் வாங்குச்சு.

பெக்ஸ்டைன் விடலை. 2022 பிப்ரவரியில, 50 வயசுக்குச் சில நாள் முன்னாடி, பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்ல ஜெர்மன் கொடியைப் பிடிச்சுக்கிட்டு நடந்தாங்க. 3000 மீட்டர்ல கடைசி இடம். அதே வருஷம் ஜூலையில ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம் 2016 தீர்ப்பை ரத்து பண்ணி, வழக்கைத் திருப்பி அனுப்புச்சு. நஷ்டஈடு கேட்டது 80 லட்சம் யூரோவுக்கும் மேல. 2024 அக்டோபர்ல மியூனிக்ல விசாரணை ஆரம்பிச்சுது. அப்பாடா, இப்பவாவது அந்த ரத்தத்தைப் பத்திப் பேசுவாங்கன்னு நினைச்சா, 2025 ஜனவரியில ரெண்டு தரப்பும் சமரசம் பண்ணிக்கிட்டாங்க. ஹாமார்ல எடுத்த ரத்தத்துல 3.54 வந்தது ஊசியாலயா, அப்பா வழி வந்த உருண்டை அணுக்களாலயான்னு 2009-க்கு அப்புறம் எந்த நீதிமன்றமும் தீர்ப்பு எழுதலை.