தாய்மையும் கல்சியமும்: பராதைரொயிட்டுக் குறைநோய் பற்றிய வரலாற்று நோக்கு

பாலூட்டுந் தாயரின் விரல்கள் விறைத்து, மணிக்கட்டு வளையும் இசிவுநோயைப் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பாரிஸ் மருத்துவர் ஆர்மண்ட் துரூசோ ஆராய்ந்தார். கையை இறுக்கின் இசிவு மீளத் தோன்றுமென அவர் கண்ட குறி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. ஆயினும் நோயைப் பாலூட்டுவோர்க்குரிய வாதக் கோளாறென்றே அவர் கருதினார். குருதியிற் கல்சியம் குன்றுவதே இவ்விசிவின் காரணமென்பது அன்று புலப்படவில்லை.

1879இல் வியன்னாவில், தைரொயிட்டுச் சுரப்பி முழுவதும் அகற்றப்பட்ட நோயாளியிடம் இதே இசிவு காணப்பட்டது. அடுத்த ஆண்டில், சுவீடனின் உப்சாலாவைச் சேர்ந்த ஈவார் சாண்ட்ஸ்ட்ரோம், தைரொயிட்டை அடுத்துள்ள சிறு சுரப்பிகளை மனிதரில் விவரித்தார். பெரும்பாலும் அவை நான்கு. இவ்விரு செய்திகளுக்குமிடையிலான தொடர்பு உடனே உணரப்படவில்லை. 1909இல் பால்ட்டிமோரில் மக்கலமும் வோக்ட்லினும், அச்சுரப்பிகள் நீக்கப்பட்ட விலங்குகளின் இசிவைக் கல்சியத்தாற் தணித்தபோதே உண்மை துலங்கிற்று. 1925இல் கொலிப் சுரப்பிச் சாற்றின் ஆற்றலை நிறுவினார். எனினும் நீடித்த மருத்துவத்துக்குக் கல்சியமும் விற்றமின் டி வகைகளுமே பெரிதும் பயன்பட்டன.

கருவுற்ற பெண்ணிடம் இம்மருத்துவம் கூரிய வாளின்மேல் நடப்பதை ஒத்தது. நிறைமாதச் சிசுவின் உடலிலுள்ள ஏறத்தாழ 30 கிராம் கல்சியமும் தாய் வழங்கியதே. தாயின் குருதியில் அது குன்றிற் குறைப்பிரசவம் நேரலாம். சிசுவின் சுரப்பிகள் மிகையாக இயங்கி அதன் என்பையே நலிவுறச் செய்யலாம். மிகுமாயின், அச்சுரப்பிகள் ஒடுங்கிப் பிறந்த சிசுவுக்கே இசிவு தோன்றலாம்.

பாலூட்டுங் காலத்தில் மருந்தைக் கூட்டவேண்டுமென எண்ணுதல் இயல்பு. ஆனாற் சில தாயரிடம், முன்னர் பொருந்திய அளவே பிரசவத்தின் பின் மிகையாகி, குருதியிற் கல்சியம் ஆபத்தான அளவுக்கு உயர்ந்தது. 1987இற் புற்றுநோய் ஆய்வின் வழி இனங்காணப்பட்ட பராதைரொயிட்டு ஓமோன்சார் புரதம் இப்புதிரை விடுவித்தது. பாலூட்டும் மார்பகம் அப்புரதத்தைச் சுரந்து, தாயின் என்பிலிருந்து கல்சியத்தை விடுவிக்கின்றது. இழந்த சுரப்பியின் பணியை மார்பகமே சிறிதுகாலம் ஏற்கின்றது எனலாம். பால்மறக்கச் செய்ததும் அத்துணை நீங்க, மருந்தை மீண்டும் கூட்டநேர்கின்றது.

துரூசோ காலத்தில் நோயோடு சேர்த்தெண்ணப்பட்ட பாலூட்டல், சுரப்பியிழந்த தாய்க்குத் துணையுமாகும் என்பதை அறிய நூறாண்டுக்கு மேற் சென்றது. எனவே இத்தாயர்க்கு மாறாத மருந்தளவென ஒன்றில்லை. கருவுற்ற நாள் முதற் பால்மறக்கும் நாள்வரை குருதியை இடையறாது அளந்து மருந்தை வகுத்தலே தாயையுஞ் சேயையும் காக்கும். வரலாறு மருத்துவர்க்கு உணர்த்தும் பாடமும் அதுவே.