குணமாயிற்று என்பதற்குச் சான்று எது?

மேற்கு ஆப்பிரிக்காவில், செனகல் நாட்டினுள் ஒரு நாக்கைப் போல் நீண்டு கிடக்கும் சிறு நாடு காம்பியா. மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். 1994-இல் இராணுவப் புரட்சியால் ஆட்சியைப் பிடித்த யஹ்யா ஜம்மே, 2007 ஜனவரியில் ஓர் அறிவிப்புச் செய்தார்: எய்ட்ஸ் நோயைத் தம்மால் குணப்படுத்த இயலுமாம்! பச்சிலை மருந்தும் திருமறை ஓதலுமே சிகிச்சை. சிகிச்சைக்கு வந்தோர், அதுவரை உண்டுவந்த எச்.ஐ.வி. மாத்திரைகளை நிறுத்திவிட வேண்டும் என்பது நிபந்தனை. ஐயம் எழுப்பிய ஐ.நா. பிரதிநிதியான அம்மையார் அடுத்த மாதமே நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்.

ஆதாரம் காட்டாமலும் இல்லை. நோயாளிகளின் இரத்தம் செனகல் தலைநகர் டக்காருக்கு அனுப்பப்பட்டது. சிலருடைய இரத்தத்தில் கிருமி தென்படவில்லை. அரசு அதையே வெற்றியென முரசறைந்தது. சோதனைக்கூடத்தின் பேராசிரியர் சுலைமான் ம்பூப்போ, இது குணத்துக்குச் சான்றாகாது என மறுத்துரைத்தார். எச்.ஐ.வி.யின் இரண்டாம் வகையைக் கண்டறிந்த குழுவினருள் அவரும் ஒருவர். சிகிச்சைக்கு முன் எடுத்த இரத்தம் எங்கே? ஒரேயொரு அளவை வைத்துக்கொண்டு, கிருமி குறைந்ததென எவ்வாறு கூறுவது?

மாத்திரை உண்டவர் இரத்தத்தில் கிருமி தென்படாமற்போவது இயல்பே. அஃது அழிந்துவிடவில்லை, சில உயிரணுக்களுள் உறங்கிக் கிடக்கிறது. மாத்திரை நின்றால், பெரும்பாலோர்க்குச் சில வாரங்களிலேயே விழித்தெழுந்துவிடும். மருந்தே இன்றிக் கிருமியை அடக்கிவைக்கும் உடல்வாகு உடையோரும் உண்டு. நூற்றில் ஒருவர்கூடத் தேறார்.

அத்தகைய அரியவர்களுள் ஒருவர் ஆர்ஜென்டினா நாட்டுப் பெண்மணி. 2021-இல் ஆய்வாளர்கள் அவருடைய உயிரணுக்களில் நூறு கோடிக்கும் மேற்பட்டவற்றைத் துருவினர். முழுமையான கிருமி ஒன்றேனும் அகப்படவில்லை. அப்போதும், கிருமி அறவே இல்லையென நிறுவ இயலாது என்றே எழுதினர். காம்பியாவிலோ ஒரு குப்பி இரத்தம் போதுமானதாயிற்று!

இந்த எச்சரிக்கை மேலைநாட்டார் கண்டுபிடிப்பன்று. ஆயிரமாண்டுகட்கு முன்னரே அறிஞர் அர்-ராஸீ, மூளைக்காய்ச்சல் கண்டோரில் ஒரு சாராருக்குக் குருதி வாங்கி, மறுசாராரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாது விட்டு, இருசாராரையும் ஒப்பிட்டதாகத் தம் குறிப்புகளில் எழுதினார். அவர் செய்த சிகிச்சை இன்று வழக்கொழிந்துவிட்டது. ஒப்பிட்டறியும் முறை நிற்கிறது. திருமறையைக் கையிலேந்திய ஜம்மேயிடம் அம்முறையைத்தான் காணோம்.

2016 தேர்தலில் தோற்ற அவர், 2017 ஜனவரியில் நாட்டை விட்டகன்றார். மறு ஆண்டு, அச்சிகிச்சையிலிருந்து உயிர்தப்பிய மூவர் அவர்மீது வழக்குத் தொடுத்தனர். மாத்திரையை நிறுத்தி மாண்டவர்கள் சார்பில் சாட்சி சொல்ல அம்மூவரைப் போன்றோரே எஞ்சியிருந்தனர்.