நெல்லிக்குப்பத்தின் மிதிவண்டி வழிகள்: கணக்கெடுப்பு, பாதுகாப்பு, சமூகம் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகச் சிறுநகரங்களின் அன்றாடப் போக்குவரத்தில் மிதிவண்டி நீண்ட காலமாக இடம்பெற்று வந்துள்ளது. இருப்பினும் அதன் வரலாறு பெரும்பாலும் தொழிற்சாலை, விற்பனை, அரசு நலத்திட்டம் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. மிதிவண்டி ஓடிய வழிகளும் அவ்வழிகளின் பாதுகாப்பும் போதிய கவனம் பெறவில்லை. கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பத்தைக் களமாகவும் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தை ஒப்பீடாகவும் கொண்டு இக்குறையை இக்கட்டுரை ஆராய்கிறது. வரி விதிக்கப்பட்ட காலத்தில் பதிவேட்டில் இடம்பெற்ற மிதிவண்டி, பிற்காலத்தில் அரசின் கணக்குகளிலிருந்து விலகியது என்பதும், அவ்விலகலே சாலையில் அதற்குரிய இடம் கிடைக்காமைக்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: மிதிவண்டி, நெல்லிக்குப்பம், அறிவொளி இயக்கம், சாலைப் பாதுகாப்பு, உள்ளாட்சி, விலையில்லா மிதிவண்டி.

முன்னுரை

பெண்ணையாற்றுக்கும் கெடிலத்துக்கும் இடைப்பட்ட சமவெளியில், கடலூருக்கும் பண்ருட்டிக்கும் ஏறத்தாழ நடுவில் அமைந்த ஊர் நெல்லிக்குப்பம். இவ்வூரின் பெயரைத் தமிழகப் பொருளியல் வரலாற்றில் நிலைநிறுத்தியது சர்க்கரை ஆலையாகும். 1842ஆம் ஆண்டை அதன் தொடக்கமாகப் பாரி நிறுவன வரலாறு குறிப்பிடுகிறது. 1981இல் அந்நிறுவனம் முருகப்பா குழுமத்தின் கைக்கு வந்தது. அதே குழுமம் 1949இல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்துடன் இணைந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தது. சென்னைக்கு அருகிலுள்ள அம்பத்தூரில் அமைந்த அதன் தொழிற்சாலையிலிருந்து வந்த ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் தமிழகச் சிற்றூர்கள்தோறும் அறிமுகமானவை.

ஊரின் அமைப்பு மிதிவண்டிப் பயணத்துக்கு இயல்பாகவே ஏற்றது. நிலம் சமதளமானது. கடலூரையும் பண்ருட்டியையும் மிதிவண்டியிலேயே சென்றடைய இயலும். விழுப்புரம்–கடலூர் இருப்புப்பாதையில் மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம், வரக்கால்பட்டு என நிலையங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஆயினும் ஊரின் முதன்மை வழி ஒன்றேயாகும். கடலூரிலிருந்து பண்ருட்டி, திருக்கோவிலூர், திருவண்ணாமலை, வேலூர் வழியாகச் சித்தூர் செல்லும் மாநில நெடுஞ்சாலையே அது. பேருந்து, சரக்குந்து, கரும்பு ஏற்றிய மாட்டுவண்டி, இழுவை வண்டி, பள்ளி மாணவர், ஆலைத் தொழிலாளர் எனப் பலரும் பயன்படுத்தும் சாலை இது. இத்தகைய சாலையில் மிதிவண்டிக்குரிய இடம் யாது, அதை வரையறுக்கும் பொறுப்பு யாருடையது என்பனவே இக்கட்டுரையின் அடிப்படை வினாக்களாகும்.

வரிப் பதிவேட்டில் மிதிவண்டி

மிதிவண்டி 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இந்தியாவுக்கு வந்தது. முதலில் ஐரோப்பியர், உயர் அலுவலர் ஆகியோரின் பொருளாக இருந்த அது, பின்னர் எழுத்தர், ஆசிரியர், சிறுவணிகர் ஆகியோரைச் சென்றடைந்தது. 1930களில் மலிவான ஜப்பானிய வண்டிகளின் வரவும் இப்பரவலுக்குத் துணைநின்றது. காலனிய இந்தியாவின் அன்றாடத் தொழில்நுட்பங்கள் குறித்து வரலாற்றறிஞர் டேவிட் அர்னால்டு 2013இல் வெளியிட்ட நூல், தையல் இயந்திரம், தட்டச்சுப் பொறி, அரிசி ஆலை ஆகியவற்றோடு மிதிவண்டியையும் இணைத்து ஆராய்கிறது. பெருந்தொழில்நுட்பங்களை அரசு கொணர்ந்தது. மிதிவண்டி போன்ற சிறு இயந்திரங்களையோ மக்கள் தம் தேவைக்கேற்பத் தமதாக்கிக்கொண்டனர் என்பது அவ்வாய்வின் வழி பெறப்படும் கருத்தாகும்.

மக்கள் தமதாக்கிக்கொண்ட வண்டியை அரசு வரியின் வழியே அணுகியது. 1920ஆம் ஆண்டுச் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் ‘வண்டி’ என்பதற்கு அளிக்கும் வரையறையில் மிதிவண்டி, மூன்று சக்கர வண்டி, ரிக்‌ஷா, பல்லக்கு ஆகியவை ஒருங்கே இடம்பெற்றன. மோட்டார் வாகனம் விலக்கப்பட்டது. மிதிவண்டியும் பல்லக்கும் ஒரே சட்டச் சொல்லுக்குள் அடங்கியமை அக்காலத் தெருவின் இயல்பைக் காட்டுகிறது. 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டமும் வாகன வரி விதிக்கும் அதிகாரத்தை வழங்கியது. வரி செலுத்தியதற்கு அடையாளமாக வழங்கப்பட்ட உலோக வில்லையை வண்டியில் பொருத்திக்கொள்ளும் வழக்கம் முதியோர் பலரின் நினைவில் இன்றும் உள்ளது.

இவ்வரி மக்களுக்குச் சுமையாக இருந்தது என்பதில் ஐயமில்லை. வில்லை இல்லாத வண்டி, விளக்கு இல்லாத வண்டி, இருவர் ஏறிய வண்டி ஆகியன தண்டனைக்கு உள்ளாயின. ஆயினும் இவ்வரிமுறைக்கு மற்றொரு விளைவும் உண்டு. ஓர் ஊரில் எத்தனை மிதிவண்டிகள் உள்ளன என்னும் கணக்கை உள்ளாட்சி அமைப்பு வைத்துக்கொள்ள அது வழிவகுத்தது. வரி கைவிடப்பட்டபோது ஏழை எளியோரின் சுமை நீங்கியது. அதனுடன் கணக்கும் நீங்கியது. இந்த இரண்டாவது விளைவு ஆய்வாளர் கவனத்தை அதிகம் ஈர்க்கவில்லை.

சொற்களில் பதிந்த சமூக வரலாறு

பதிவேடுகள் கூறாத செய்திகளைப் பேச்சுவழக்கு பாதுகாத்து வைத்துள்ளது. ‘வாடகை சைக்கிள்’, ‘குரங்குப் பெடல்’, ‘டபுள்ஸ்’, ‘டைனமோ’ முதலிய சொற்கள் இவ்வகையில் சான்றுகளாகும். மணிக்கணக்கில் வண்டி தந்த வாடகைக் கடை, வண்டி வாங்க இயலாத குடும்பத்துச் சிறுவனுக்கும் பயிற்சி பெறும் வாய்ப்பை அளித்தது. இருக்கையில் அமர்ந்தால் கால் எட்டாத சிறுவன், குறுக்குக் கம்பிக்குக் கீழே காலை நுழைத்து மிதித்த முறையே குரங்குப் பெடல் எனப்பட்டது. பெரியவர்களுக்காகச் செய்யப்பட்ட வண்டியைச் சிறுவர்கள் தம் உடலுக்கேற்பப் பயன்படுத்திக்கொண்டதற்கு இச்சொல் சான்றாகும். ராசி அழகப்பனின் சிறுகதையைத் தழுவி 2024இல் வெளிவந்த ‘குரங்கு பெடல்’ திரைப்படம் இவ்வனுபவத்தையே கருப்பொருளாகக் கொண்டது.

இக்கடைகள் கற்றலுக்கும் பழுதுநீக்கலுக்கும் உரிய இடங்களாக மட்டும் அமையவில்லை. எச்சிறுவன் எவ்வண்டியை எடுத்துச் சென்றான், எப்போது திரும்ப வேண்டும் என்பதைக் கடைக்காரர் அறிந்திருந்தார். பாதுகாப்பு என்பது சாலை அமைப்பில் அன்றி, ஒருவரையொருவர் அறிந்த சமூகத்தின் கண்காணிப்பில் தங்கியிருந்தது. எனினும் இச்சமூகவெளி பெரும்பாலும் ஆண்களுக்குரியதாகவே இருந்தது என்பதையும் சுட்டுதல் வேண்டும். அவ்வெல்லையை மாற்றிய நிகழ்வே புதுக்கோட்டையில் நடந்தது.

புதுக்கோட்டை: கூட்டாகப் பெற்ற பாதுகாப்பு

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவுப் பணியின் ஒரு பகுதியாகவே மகளிருக்கு மிதிவண்டிப் பயிற்சியையும் கருதினார். பேருந்து செல்லாத சிற்றூர்களுக்குத் தொண்டர்கள் சென்று சேரவேண்டிய தேவை அதற்கு உடனடிக் காரணமாக இருந்தது. விரைவில் பயிற்சி தொண்டர்களைக் கடந்து விவசாயத் தொழிலாளர், கல்குவாரித் தொழிலாளர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர் எனப் பரவியது. 1992இல் பொது நிகழ்வுகளில் 70,000க்கும் மேற்பட்ட மகளிர் தம் மிதிவண்டித் திறனை வெளிப்படுத்தியதை இதழியலாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார்.

இந்நிகழ்வைப் பெண் விடுதலையின் சின்னமாகக் கொண்டாடும் எழுத்துகள் பல உள்ளன. நிதியா ராவ் 1999இல் வெளியிட்ட ஆய்வு, அதன் பயன்பாட்டுக் கூறுகளையும் எல்லைகளையும் விரிவாக ஆராய்கிறது. மகளிர் வண்டிகள் போதிய அளவில் கிடைக்காதபோது பெண்கள் ஆடவர் வண்டியையே ஓட்டினர். குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்பதால் அவ்வண்டியையே விரும்பியோரும் உண்டு. தண்ணீர் கொணர்தல், விளைபொருளைச் சந்தைக்கு எடுத்துச் செல்லுதல், குழந்தையைப் பள்ளியில் விடுதல் என ஒரே பயணத்தில் பல பணிகள் இணைந்தன.

நெல்லிக்குப்பம் குறித்த வினாவுக்கு இங்கு முதன்மையானது வேறொரு செய்தியாகும். புதுக்கோட்டையில் சாலைகள் மாற்றப்படவில்லை. சாலையில் செல்வோரின் எண்ணிக்கையே மாறியது. தனியாக ஓட்டிய பெண் கேலிக்கு உள்ளானாள்; பலராக ஓட்டியபோது கேலி வலுவிழந்தது. சமூகம் தந்த இப்பாதுகாப்பு கேலியிலிருந்தும் இழிசொல்லிலிருந்தும் காத்தது. மோட்டார் வாகனங்களின் எண்ணிக்கையும் வேகமும் மிகும்போது அத்தகைய பாதுகாப்பு மட்டும் போதுமா என்னும் வினா அடுத்த கட்டத்தில்தான் எழுந்தது.

வண்டி வழங்கிய திட்டம்

தமிழக அரசு 2001–02ஆம் கல்வியாண்டில் மேல்நிலை வகுப்புகளில் பயிலும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிற சமூக மாணவ மாணவியருக்கும் அது விரிவாக்கப்பட்டது. பீகார் மாநிலம் 2006இல் மாணவியருக்கென இத்தகைய திட்டத்தைத் தொடங்கியது. அது மாணவியரின் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கையை 32 விழுக்காடு உயர்த்தியதாகக் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகியோரின் 2017ஆம் ஆண்டு ஆய்வு கண்டறிந்தது. பள்ளி தொலைவில் அமைந்த ஊர்களில் அவ்விளைவு மிகுந்திருந்தது.

தொலைவைக் கடக்க வண்டி உதவுகிறது என்பது இதனால் உறுதிப்படுகிறது. ஆனால் திட்டத்தின் எல்லை வண்டியோடு முடிகிறது. வண்டியைப் பெற்ற மாணவி எந்தச் சாலையில், எந்த நேரத்தில், எவ்வகை வாகனங்களோடு செல்கிறாள் என்பது திட்டத்துக்குள் வருவதில்லை. வண்டி வழங்குவது கல்வி சார்ந்த செயல். வழி அமைப்பது வேறொரு துறையின் பணி. இவ்விரண்டுக்கும் இடையில் நிறுவனத் தொடர்பு உருவாக்கப்படவில்லை.

வழிக்கு உரியவர் யார்?

நெல்லிக்குப்பத்தில் இவ்விடைவெளி தெளிவாகப் புலப்படுகிறது. உட்தெருக்கள் நகராட்சியின் பொறுப்பு. அவை யாவும் சென்று சேரும் முதன்மைச் சாலையோ மாநில நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தது. ஒரு மாணவியின் பயணம் வீட்டிலிருந்து பள்ளி வரை ஒன்றே. அதன் நிருவாகமோ இரண்டு. உட்தெருவிலிருந்து நெடுஞ்சாலைக்கு ஏறும் சந்திப்பில் ஒரு பொறுப்பு முடிந்து மற்றொன்று தொடங்குகிறது. கரும்பு அரவைப் பருவத்தில் பாரம் ஏற்றிய வண்டிகள் ஊர்ந்து செல்ல, பிற வாகனங்கள் அவற்றை முந்த முயலும்போது, சாலையின் ஓரமே மிதிவண்டிக்கு எஞ்சுகிறது.

நெறிமுறைகள் இல்லாமலில்லை. மிதிவண்டித் தடங்களுக்கான பரிந்துரைகளை இந்திய சாலைகள் பேராயம் 1962இலேயே வெளியிட்டது. மணிக்கு 100 முதல் 200 மோட்டார் வாகனங்கள் செல்லும் சாலையில், உச்ச நேரத்தில் 400 மிதிவண்டிகள் சென்றால் தனித்தடம் அமைக்கலாம் என்றது அந்நெறி. மோட்டார் வாகனங்கள் 200ஐக் கடந்தால், 100 மிதிவண்டிகளே தனித்தடத்துக்குப் போதிய காரணமாகும். தடத்தின் குறைந்த அளவு அகலம் 2 மீட்டர் எனவும் வகுக்கப்பட்டது. 1989ஆம் ஆண்டுச் சாலை விதிமுறைகளும் மிதிவண்டித் தடத்தில் மோட்டார் வாகனம் செல்வதைத் தடை செய்தன. ஆனால் அத்தடை தடம் உள்ள இடத்தில் மட்டுமே பொருந்தும். தடம் அமைப்பதற்கோ எண்ணிக்கை வேண்டும். ஆகவே கணக்கெடுப்பு இல்லாத ஊரில் நெறியும் விதியும் ஒருசேரச் செயலற்றுப் போகின்றன.

அரசின் பெருங்கணக்குகளும் இக்குறையை நிறைவு செய்யவில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 44.8 விழுக்காட்டினரிடம் மிதிவண்டி இருந்தது. இது உடைமையைக் கூறுமேயன்றிப் பயன்பாட்டைக் கூறாது. பணியிடத்துக்குச் செல்லும் முறை குறித்துத் திரட்டப்பட்ட அக்கணக்கெடுப்பின் அட்டவணை, ‘பிற தொழிலாளர்’ என்னும் பிரிவினரை மட்டுமே உள்ளடக்கியது. உழவரும் விவசாயக் கூலித் தொழிலாளரும் அதில் இல்லை, மாணவர்களும் இல்லை. நெல்லிக்குப்பம் போன்ற கரும்புப் பகுதியில் மிதிவண்டியை மிகுதியும் பயன்படுத்துவோர் இவர்களே. வழிகள் குறித்த ஒரே பெருங்கணக்கு இவர்களை விட்டுவிட்டே தொகுக்கப்பட்டது.

இதன் விளைவு பாதுகாப்புப் புள்ளிவிவரங்களிலும் காணப்படுகிறது. 2022இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டில் மிகுதியான விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. அவற்றின் எண்ணிக்கை 64,105. இறந்தோருள் மிதிவண்டி ஓட்டியோரின் பங்கு ஏறத்தாழ 3 விழுக்காடு எனத் தேசிய அறிக்கை காட்டுகிறது. இதனைக் கொண்டு மிதிவண்டிப் பயணம் பாதுகாப்பானது எனக் கருதுதல் பிழையாகும். எத்தனை பேர் ஓட்டுகின்றனர் என்பது தெரியாத நிலையில், எத்தனை பேர் இறந்தனர் என்னும் எண் மட்டும் இடரின் அளவைக் கூறாது. அச்சத்தால் ஓட்டுவதை நிறுத்தியோரும் இவ்வெண்ணில் புலப்படுவதில்லை.

ஓர் அயல்நாட்டு ஒப்பீடு

மிதிவண்டிக்குப் பெயர்பெற்ற நெதர்லாந்தின் அனுபவம் இங்கு ஒப்பிடத்தக்கது. அந்நாட்டில் 1971இல் ஏறத்தாழ 3,300 பேர் சாலை விபத்துகளில் இறந்தனர். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். மகளை இழந்த இதழியலாளர் விக் லாங்கன்ஹோஃப் எழுதிய கட்டுரையின் தலைப்பே, ‘குழந்தைக் கொலையை நிறுத்துக’ என்னும் மக்கள் இயக்கத்தின் பெயராயிற்று. புதுக்கோட்டையைப் போலவே அங்கும் மக்கள் கூட்டாகத் தெருவில் இறங்கினர். ஆயின் அவர்களின் கோரிக்கை தெருவின் வடிவமைப்பை நோக்கியதாக இருந்தது. எத்தனை குழந்தைகள் இறந்தனர் என்னும் எண்ணே அவ்வியக்கத்தின் முதன்மை வாதமாக அமைந்தது. தமிழகத்தில் சமூக ஆற்றல் இருந்தது. அதைச் சாலை வடிவமைப்போடு இணைக்கும் கணக்கு இல்லை.

சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் சாராப் போக்குவரத்துக்கான கொள்கையை ஏற்று, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடைபாதை, மிதிவண்டி வசதிகளுக்கு ஒதுக்க முடிவு செய்தது. இது முன்னோடி முயற்சியாகும். எனினும் அது ஒரு மாநகராட்சியின் கொள்கை. ஊரின் முதன்மைச் சாலையே மாநில நெடுஞ்சாலையாக அமைந்த சிறு நகராட்சிகளுக்கு அக்கொள்கையை அப்படியே பொருத்த இயலாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, தமிழகச் சிறுநகரங்களில் மிதிவண்டியின் பாதுகாப்பு நெடுங்காலம் சமூக உறவுகளையே சார்ந்திருந்தது. வாடகைக் கடையும் அறிவொளி இயக்கமும் அதன் இருவேறு வடிவங்கள். இரண்டாவதாக, வரி நீங்கியதோடு மிதிவண்டி உள்ளாட்சிப் பதிவேட்டிலிருந்து விலகியது; பின்வந்த நலத்திட்டங்கள் வண்டியைக் கணக்கிட்டனவேயன்றி வழியைக் கணக்கிடவில்லை. மூன்றாவதாக, தனித்தடத்துக்கான நெறி 1962 முதலே எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டுள்ளதால், கணக்கெடுப்பின்மை என்பது தடமின்மையாகவே முடிகிறது.

ஆகவே நெல்லிக்குப்பம் முதன்மைச் சாலையில் பள்ளி நேரத்திலும் ஆலைப் பணிமுறை மாறும் நேரத்திலும், அரவைப் பருவத்திலும் பிற பருவத்திலும் மிதிவண்டிகளை எண்ணும் எளிய கணக்கெடுப்பு முதல் தேவையாகும். கல்லூரி மாணவரைக் கொண்டே இதனை நிகழ்த்த இயலும். அதன் முடிவை 1962ஆம் ஆண்டு நெறியோடு ஒப்பிட்டு நகராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் ஒருங்கே அளிக்கவும் இயலும். உள்ளாட்சி அமைப்புகளில் எஞ்சியுள்ள பழைய வாகன வரிப் பதிவேடுகளைத் தேடிப் பாதுகாப்பதும், வாடகைக் கடை நடத்தியோரின் வாய்மொழி வரலாற்றைத் தொகுப்பதும் வரலாற்றுத் துறையினர் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணிகளாகும். சாலை விரிவாக்கம் குறித்த முடிவுகள் எடுக்கப்படும்போது அச்சாலையை மிதிவண்டியில் நாள்தோறும் பயன்படுத்துவோர் எத்தனை பேர் என்பதற்குச் சான்று காட்ட இவை உதவும்.