நாய் பூச்சி மருந்தைத் தின்றால்
சேலம், நாமக்கல் பக்கத்து வீடுகளில் நாயின் வாய்க்கு எளிதில் எட்டுபவை எறும்புச் சாக்பீஸ், கரப்பான் மருந்து, மாட்டு உண்ணிக்கு வாங்கி மிச்சம் வைத்த மருந்து. சாக்பீஸில் சைபர்மெத்ரின் அல்லது டெல்டாமெத்ரின் இருக்கும். சிறு துண்டைக் கடித்தால் எச்சில் வடிவதோடு போகலாம். அதிகமானால் நடுக்கம், வலிப்பு. பூச்சி மருந்துகளில் ஆர்கனோபாஸ்பேட் என்னும் வகைதான் கொடியது: வாயில் நுரை, கழிச்சல், ஊசிமுனையாய்ச் சுருங்கிய கண்மணி, மூச்சுத்திணறல். அதற்கு அட்ரோபின் ஊசி உண்டு; போடவேண்டியவர் மருத்துவர். உப்புத் தண்ணீரோ புளிக்கரைசலோ ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது வீண் வேலை மட்டுமல்ல. மயங்கிய நாய்க்கு அது நுரையீரலில் இறங்கி உயிரையே வாங்கும். வாயை ஈரத்துணியால் துடைத்து, மருந்துப் பாக்கெட்டோடு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ, 1985-இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ உடனே கொண்டுபோக வேண்டும். பாக்கெட் கிடைக்காவிட்டால், கக்கியதையாவது பையில் எடுத்துக்கொள்ளலாம்.