பத்திரமும் ஆடும்

1994-ஆம் ஆண்டு காந்தி ஜயந்தி அன்று, பெண் குழந்தை பிறக்கும் ஏழை வீடுகளுக்கு ஹரியானா அரசு ஒரு வாக்குறுதி கொடுத்தது. குழந்தை பிறந்ததும் தாய்க்கு 500 ரூபாய். குழந்தையின் பெயரில் 2,500 ரூபாய்க்கு ஒரு சேமிப்புப் பத்திரம். அவளுக்குப் பதினெட்டு வயது நிறையும்போது அது முதிர்ந்து 25,000 ரூபாய் ஆகும். அதுவரை அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. திட்டத்தின் பெயர் ‘அப்னி பேட்டி, அப்னா தன்’. நம் மகள், நம் செல்வம்.

பத்து ஆண்டு கழித்து, எத்தியோப்பியாவின் அம்ஹாரா மாநிலத்தில் மொசெபோ என்ற கிராமத்துக்கு வேறொரு வாக்குறுதி வந்தது. ஊரில் நடக்கும் பெண்கள் குழுவுக்கு உங்கள் மகள் தவறாமல் வரட்டும். இந்த இரண்டு வருடமும் அவளுக்குக் கல்யாணம் பேசாதீர்கள். முடிவில் ஓர் ஆடு தருகிறோம். ஆட்டின் விலை ஏறக்குறைய 20 டாலர். ‘பெர்ஹானே ஹெவான்’, அதாவது ‘ஏவாளுக்கு ஒளி’, என்ற இந்தத் திட்டத்தை 2004 முதல் 2006 வரை அரசின் இளைஞர் விளையாட்டுத் துறையும் பாப்புலேஷன் கவுன்சில் என்ற ஆய்வு நிறுவனமும் சேர்ந்து நடத்தின.

இரண்டிலும் இருப்பது ஒரே பேரம்: மகளைக் கட்டிக்கொடுப்பதைத் தள்ளிப்போடு, பதிலுக்கு ஒன்று தருகிறோம். தொகையை மட்டும் பார்த்தால் ஹரியானா தந்தது பல மடங்கு பெரியது. ஆனால் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டது ஆடுதான், பத்திரம் அல்ல. வளரிளம் பெண்களுக்காகத் திட்டம் போடுகிறவர்கள் எல்லோரும் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்தாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஹரியானாவுக்கு நியாயம் செய்ய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த மாநிலத்தின் முதல் கவலை கல்யாண வயது அல்ல, பெண் குழந்தை பிறக்கவே விடப்படாததுதான். 1991 மக்கள்தொகைக் கணக்கில், ஆறு வயதுக்கு உட்பட்டவர்களில் 1,000 ஆண் குழந்தைகளுக்கு 879 பெண் குழந்தைகளே அங்கே இருந்தார்கள். 2001-இல் அது 819 ஆகச் சரிந்தது. பெண் என்றால் செலவு என்று முடிவுகட்டிய வீடுகளிடம், இவள் பெயரில் பணம் வரும் என்று சொல்லிப் பார்த்தது அரசு. பதினெட்டு என்ற நிபந்தனை அதோடு சேர்ந்து வந்தது.

முதல் பத்திரங்கள் 2012-இல் முதிர்ந்தன. திட்டத்தில் இருந்த பெண்களையும் இல்லாத பெண்களையும் ஒப்பிட்டு ஐ.சி.ஆர்.டபிள்யூ. என்ற பன்னாட்டுப் பெண்கள் ஆய்வு மையம் விரிவாக ஆராய்ந்தது. எட்டாம் வகுப்புவரை படிப்பதில் திட்டத்துப் பெண்கள் சற்று முன்னே இருந்தார்கள். கல்யாணத்தைத் தள்ளிப்போட்டதில் சொல்லும்படியான பலன் இல்லை. அதைவிட மனத்தை உறுத்துவது இன்னொரு முடிவு: கல்யாணம் ஆனவர்களை எடுத்துக்கொண்டால், சரியாகப் பதினெட்டாவது வயதிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள் திட்டத்துப் பெண்களில்தான் அதிகம். வந்த பணம் பெரும்பாலும் கல்யாணச் செலவுக்கும் சீர்வரிசைக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. பல குடும்பங்கள், அரசு இதைத் தருவதே மகளின் கல்யாணத்துக்காகத்தான் என்று புரிந்துகொண்டிருந்தன.

அந்தக் குடும்பங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினெட்டு வயதில், மொத்தமாக, அதுவும் கல்யாணத்தை வைத்து ஒரு நிபந்தனையோடு பணம் வந்தால் வேறு என்ன நினைப்பார்கள்? நம் ஊரில் பெண் பிறந்த அன்றே சீட்டுக் கட்டத் தொடங்கும் அப்பாக்களும் இதே கணக்கைத்தானே போடுகிறார்கள்.

ஆனால் பத்திரம் எழுதிய நாளுக்கும் அது முதிர்ந்த நாளுக்கும் நடுவே அந்தப் பெண்ணின் வாழ்க்கை முழுவதும் கிடந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அவள் பெரியவளாகிறாள். உள்ளூரில் மேல்வகுப்பு இல்லை. அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் போகும் வழியில் யார் நிற்கிறார்கள், யார் என்ன பேசுவார்கள் என்று வீடு பயப்படுகிறது. அம்மா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறாள். அவளை நிறுத்திவிடலாமா என்ற பேச்சு எழும் அந்தச் சாயங்காலத்தில் பத்திரத்தால் ஒரு வார்த்தை பேச முடியாது. அவளுக்காகப் பேச ஒரு ஆள் வேண்டும். அப்படி ஒரு ஆளுக்குத் திட்டத்தில் இடமே இல்லை.

மொசெபோவில் அந்த ஆள் இருந்தாள். பக்கத்துப் பகுதியிலிருந்தே தேர்ந்தெடுத்த, ஓரளவு படித்த, வயதில் மூத்த பெண். அவளை ஊர்ப் பெண்களுக்கு அக்கா என்று நாம் நினைத்துக்கொள்ளலாம். அவள் முதலில் செய்தது வீடு வீடாகப் போனது. எந்த வீட்டில் பத்து வயதுக்கு மேல் பெண் இருக்கிறாள், பள்ளிக்குப் போகிறாளா, கட்டிக்கொடுத்துவிட்டார்களா என்று கேட்டு எழுதினாள். அப்படியே பெற்றோரிடம் பேசி அனுமதியும் வாங்கினாள். கதவைத் தட்டாமல் வெறும் அறிவிப்பு மட்டும் செய்திருந்தால், மிக அதிகமாக அடைபட்டிருந்த பெண்கள் வந்தே இருக்க மாட்டார்கள்.

பிறகு பெண்களை அவரவர் நிலைக்கு ஏற்பப் பிரித்தார்கள். பள்ளிக்குப் போகிறவளுக்கும், போக விரும்புகிறவளுக்கும் நோட்டு, பேனா போன்ற படிப்புப் பொருள்கள். எத்தியோப்பியக் கிராமத்தில் ஒரு பெண்ணின் படிப்பு நின்றுபோக ஒரு நோட்டு இல்லாததும் போதும். பள்ளிக்குப் போகாத, மணமாகாத பெண்களுக்கு வாரத்தில் ஐந்து நாள் குழு: எழுத்து, கணக்கு, கைத்தொழில், உடல்நலம், மாதவிடாய், பிள்ளைப்பேறு. ஏற்கெனவே கட்டிக்கொடுக்கப்பட்ட சிறுமிகளுக்கு வாரம் ஒரு நாள் தனிக் கூட்டம். இந்த மூன்றாவது ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. பெரும்பாலான திட்டங்கள் கல்யாணம் ஆன பதினான்கு வயதுப் பெண்ணைக் கை கழுவிவிடும். தடுக்க முடியாமல் போனவள் என்று கணக்கில் எழுதி மூடிவிடும். மாமியார் வீட்டில் பேச ஒருவர் இல்லாமல் இருக்கிற அவளுக்கு, தன் வயதுப் பெண்களோடு வாரத்தில் ஒரு சில மணி நேரம் உட்கார முடிவது என்பது சின்ன விஷயம் இல்லை.

பெரியவர்களுக்கும் தனியாக ஊர்ப்பேச்சு நடந்தது. அம்ஹாராவில் சிறுமியைக் கட்டிக்கொடுப்பது வறுமையால் மட்டும் நடப்பதல்ல. இரண்டு குடும்பங்கள் உறவாகிப் பலப்படுவதற்கு அது ஒரு வழி. மகளின் பெயர் கெட்டுவிடுமோ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். 2000-ஆம் ஆண்டுத் திருத்தக் குடும்பச் சட்டம் பதினெட்டு வயது என்றுதான் சொல்கிறது. ஆனால் அறுவடை முடிந்து, பெரிய நோன்பு தொடங்குவதற்குள் வரும் கல்யாணக் காலத்தில், பந்தலுக்குச் சட்டப் புத்தகத்தை யார் கொண்டுபோவது? அப்பாக்களையும் ஊர்ப் பெரியவர்களையும் உட்காரவைத்து, சிறு வயதுப் பிரசவத்தால் என்ன ஆகிறது என்று பேசினார்கள். அந்த நாட்டில் அது வெறும் புத்தகப் பேச்சு அல்ல. நாள் கணக்கில் நீளும் பிரசவத்தில் உடல் கிழிந்து, சிறுநீர் ஒழுகி, கணவனாலும் ஊராலும் ஒதுக்கப்பட்ட பெண்களுக்காகவே கேத்தரின் ஹாம்லின், ரெஜினால்ட் ஹாம்லின் தம்பதி அடிஸ் அபாபாவில் தனி மருத்துவமனை கட்டினார்கள். அம்ஹாராவின் தலைநகர் பஹிர் தாரிலும் அதன் கிளை உண்டு. பேச்சோடு நிற்காமல் கிணறும் வெட்டிக் கொடுத்தார்கள். தண்ணீர் சுமப்பது மகளின் வேலையாக இருக்கும் வரை, குழுவுக்கு வர அவளுக்கு நேரம் ஏது?

இரண்டு வருடம் முடிந்ததும் ஊரார் முன்னிலையில் விழா வைத்து ஆட்டைக் கொடுத்தார்கள். பெண்ணும் குடும்பமும் சேர்ந்து வாங்கிக்கொண்டார்கள். ஆடு குட்டி போடும், விற்கலாம், ஊர் பார்க்க வீட்டு வாசலில் நிற்கும். அது அவளால் வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆனபல் எருல்கர், யூனிஸ் முத்தெங்கி என்ற ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட மதிப்பீடு, திட்டம் நடக்காத வேறொரு கிராமத்தோடு மொசெபோவை ஒப்பிட்டது. பத்து முதல் பதினான்கு வயதுப் பெண்களிடம், கல்யாணம் ஆகியிருப்பதற்கான வாய்ப்பு மற்ற ஊரில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காக இருந்தது. பள்ளியில் இருப்பதற்கான வாய்ப்பு மூன்று மடங்கு. ஒரு கிராமத்துக்கு எதிரே ஒரே ஒரு கிராமம் என்பதால் இந்த எண்களை அப்படியே எல்லா ஊருக்கும் நீட்ட முடியாது. என்றாலும் இவ்வளவு பெரிய மாற்றம் தற்செயலாக வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

இதோடு நிறுத்தினால் மொசெபோவைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடலாம். அதே ஆய்வில், பதினைந்து முதல் பத்தொன்பது வயதுப் பெண்களின் கணக்கு வேறு மாதிரி இருந்தது. அவர்களில், திட்டம் நடந்த ஊர்ப் பெண்களுக்கே கல்யாணம் ஆகியிருக்கும் வாய்ப்பு அதிகம். சின்னவர்களுக்குத் தள்ளிப்போன கல்யாணம், வயது ஏறியதும் நடந்துவிட்டது என்றே இதைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஹரியானாவும் அம்ஹாராவும் தொட்டுக்கொள்வது இங்கேதான். ஹரியானாவில் பதினெட்டு என்று கோடு போட்டார்கள். கோட்டைத் தாண்டியதும் பந்தல் கால் நட்டார்கள். மொசெபோவில் எண்ணாக எழுதாவிட்டாலும், சின்னப் பெண் கூடாது என்பதை ஊர் ஏற்றுக்கொண்டது. பதினைந்து ஆனவள் அந்தக் கணக்கில் சின்னப் பெண் இல்லை. நம் வீடுகளில் ‘பதினெட்டு முடிஞ்சாச்சு இல்ல?’ என்று கேட்கும் குரலும் இதுவேதான். கோட்டுக்கு இந்தப் பக்கம் அவளைக் காக்க ஏற்பாடு இருந்தது. அந்தப் பக்கம் போனதும் அவள் என்ன செய்வாள், எந்தப் படிப்பு, எந்த வேலை, யார் துணை என்பதற்கு இரண்டு இடத்திலும் போதுமான பதில் இல்லை. காத்திருக்கச் சொல்வது உரிமை ஆகிவிடாது. எதற்காகக் காத்திருக்கிறாளோ அதுவும் அவள் கையில் இருக்க வேண்டும்.

அம்ஹாராவில் நடத்தியவர்களைப் பாராட்ட வேண்டிய விஷயம், இந்தக் குறையை மூடி மறைக்காமல் அடுத்த ஆய்வாக ஆக்கியதுதான். திட்டத்தின் பகுதிகளைத் தனித்தனியாகப் பிரித்து, வெவ்வேறு ஊர்களில் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். படிப்புப் பொருள் மட்டும் கொடுத்த ஊர்களில், பன்னிரண்டு முதல் பதினான்கு வயதுப் பெண்களுக்குக் கல்யாணம் ஆகும் வாய்ப்பு 94 சதவீதம் குறைந்தது. கல்யாணம் ஆகாமல் பள்ளியில் இருக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் இரண்டு கோழி என்று கொடுத்த ஊர்களில், பதினைந்து முதல் பதினேழு வயதுப் பெண்களிடம் அது பாதியானது. எல்லாவற்றையும் சேர்த்து நடத்திய ஊர்களில் அதே வயதுப் பெண்களிடம் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது.

வயதுக்கு வயது தேவை மாறுகிறது என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு நோட்டும் பள்ளியும் போதும். அவள் பள்ளியில் இருந்தாலே ஊர் அவளைச் சிறுமியாகப் பார்க்கும். பதினாறு வயதுக்காரிக்கு அது போதாது. முட்டை விற்று வாரத்தில் சில காசு வீட்டுக்கு வந்தால், இவள் வீட்டில் இருப்பது பாரம் அல்ல என்ற பேச்சு எழுகிறது. ஒரே ஒரு ஆட்டை இரண்டு வருடக் கடைசியில் கொடுப்பதைவிட வருடத்துக்கு இரண்டு கோழி வலுவானது என்பதற்கும் இதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. வருடா வருடம் வரும் பொருள், வருடா வருடம் ஒரு முடிவை மறுபடி எடுக்கவைக்கிறது. பதினெட்டு ஆண்டு கழித்து வரும் 25,000 ரூபாய் அந்த முடிவை ஒரே ஒரு முறைதான் கேட்டது, அதையும் அவள் பிறந்தபோது கேட்டது.

தமிழ்நாடும் இந்தப் பாதையில் ஒரு திருப்பத்தைக் கடந்து வந்திருக்கிறது. 1989-இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம், குறைந்தபட்சப் படிப்பு முடித்த ஏழைப் பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு உதவியது. பின்னாளில் தாலிக்குத் தங்கமும் தந்தது. படிப்பை நிபந்தனையாக்கியதால் எத்தனையோ பெண்கள் பத்தாம் வகுப்பைத் தாண்டினார்கள் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அங்கும் பணம் காத்திருந்தது கல்யாண வாசலில்தான். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடி, அதைப் பற்றி ‘தாசிகள் மோசவலை’ நாவலையும் எழுதிய ஒரு பெண்ணின் பெயர் அதற்கு. 2022-இல் அந்தத் திட்டம் அதே பெயரோடு உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. இன்று நாம் புதுமைப் பெண் என்று சொல்கிறோம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்ணுக்கு, படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே விழுகிறது. ஆட்டிலிருந்து கோழிக்கு அம்ஹாரா போன அதே திசை இது, ஹரியானாவின் பத்திரத்திலிருந்து வெகுதூரம்.

ஆனால் அந்த 1,000 ரூபாய் மேற்படிப்பில் சேர்ந்தவளுக்குத்தான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதத்தினர் பதினெட்டு வயதுக்கு முன்பே கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள். இவர்களில் பலருக்குப் படிப்பு ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ நின்றிருக்கும். அடுத்து மில் வேலை, இல்லையென்றால் தாய்மாமன் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்திருப்பார்கள். அந்தப் பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டி, ஏன் நின்றாய் என்று கேட்டு, தன் வயதுப் பெண்களோடு வாரத்தில் ஐந்து நாள் உட்காரவைக்கும் ஒருத்தி மொசெபோவில் இருந்தாள். நம் ஊராட்சிகளில் மகளிர் குழு இருக்கிறது, அங்கன்வாடிக் கட்டடம் மாலையில் பூட்டியே கிடக்கிறது, படித்துவிட்டு வேலை தேடும் அக்காக்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். பள்ளியை விட்ட பெண்களின் பட்டியல் தலைமை ஆசிரியரிடம் இருக்கும். அந்தப் பட்டியலைக் கையில் வாங்கிக்கொண்டு முதல் வீட்டுக்குப் போக ஒருத்தியை நியமிக்க வேண்டும், அவளுக்கு மாதச் சம்பளமும் தர வேண்டும்.