தாவலைக் கேட்டவர் யார்?

வாசிக்கும் கண் வரியின்மீது வழுக்கிச் செல்வதில்லை; தாவித் தாவி நிற்கிறது. ‘சக்கேடு’ எனப்படும் இத்தாவலை 1879இல் பாரிசின் எமில் ஜவால் கண்டறிந்தார் என்றே பாடநூல்கள் பலவும் உரைக்கின்றன. மூலக் கட்டுரைகளை ஆராய்ந்த நிக்கலஸ் வேட் முதலியோர் காட்டும் வரலாறு வேறு. ஜவாலின் ஆய்வகத்தில் மேலிமையின் அசைவை ஒலியாக்கிச் செவியால் எண்ணியவர் லாமார். அவர்தம் கட்டுரை 1892இல் வெளிவந்தது. பிராக் நகரின் எவால்ட் ஹெரிங்கோ, கண்தசைகளின் ஒலியைக் கேட்டும் பின்பிம்பங்களை நோக்கியும் 1879இலேயே தனித்து இம்முடிவை எட்டியிருந்தார்.

செவியால் எண்ணிய அத்தாவல் இன்று மூளையின் முடிவெடுப்பை அறியும் சாளரம். எழவிருக்கும் தாவலை மூளை எவ்வாறு நிறுத்துகிறது, திருத்துகிறது என்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆதித்ய மூர்த்தியின் குழு ஆராய்கிறது.

புணே ஐசரிலோ பிறவிடத்திலோ நரம்பியல் பயிலும் மாணவர், ஆய்வேட்டின் முதல் இயலில் ‘ஜவால், 1879’ என எழுதுமுன் மூலத்தைத் திறந்து பார்த்தல் வேண்டும். ஆய்வகத் தலைவரின் பெயர் நிலைத்து, சோதனை செய்தவரின் பெயர் மறைவது பழைய வழக்கம். மேற்கோள் ஒவ்வொன்றும் அவ்வழக்கத்தை நீட்டிக்கவும் கூடும், முறிக்கவும் கூடும்.